இனவெறித் துப்பாக்கிச் சூடுகளுக்குக் காரணம் துப்பாக்கியா, மனநோயா, வெறுப்புப் பேச்சா?

செந்தாழை:

ஒவ்வொரு முறையும் இதே சண்டைதான் நடக்கிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன். அமெரிக்காவில் ஒரு தேவாலயத்திலோ கடையிலோ ஒருவன் இனம் பார்த்து ஆட்களைச் சுடுகிறான். அன்று மாலையே ஒரு தரப்பு துப்பாக்கிச் சட்டம் சரியில்லை என்கிறது, இன்னொரு தரப்பு மனநோய் என்கிறது, வேறு சிலர் இணையம், வீடியோ கேம், அரசியல்வாதிகளின் பேச்சு என்று அடுக்குகிறார்கள். பத்து நாளில் எல்லாரும் வேறு செய்திக்குப் போய்விடுகிறார்கள்.

என் அக்கா மகன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன், இப்போது கல்லூரியில் படிக்கிறான். நியூயார்க் மாநிலத்தில் நடந்த பஃபலோ சம்பவம் பற்றிப் பேச்சு வந்தபோது "சித்தி, அவன் ஒரு பைத்தியம், அவ்வளவுதான், இதில் இனம் எங்கே வந்தது" என்று முடித்துவிட்டான். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் கோர்வையாகப் பதில் சொல்லவும் வரவில்லை.

கட்சி கட்டிச் சண்டை போடும் பதில் எனக்கு வேண்டாம். இந்தச் சம்பவங்களைக் கவனித்துப் படித்தவர்களோ அங்கே வாழ்பவர்களோ இருந்தால், நடந்ததை வைத்துச் சொல்லுங்கள். எதுதான் காரணம்? பல காரணங்கள் என்றால் எதற்கு எவ்வளவு பங்கு?

மங்கை:

பஃபலோவையே எடுத்துக்கொண்டு பேசுங்கள், ஏனென்றால் அதில் இனம் எங்கே வந்தது என்ற கேள்விக்கு ஊகமே தேவையில்லை. 2022 மே 14, சனிக்கிழமை மதியம். சுட்டவனுக்கு வயது 18. அவன் வீடு கான்க்ளின் என்ற சிற்றூரில், அங்கிருந்து பஃபலோ ஏறத்தாழ 320 கிலோமீட்டர். ஆள் கூட்டம் மட்டும்தான் வேண்டும் என்றால் அவ்வளவு தூரம் எதற்காக வண்டி ஓட்ட வேண்டும்? கறுப்பினத்தவர் எந்த அஞ்சல் குறியீட்டுப் பகுதியில் அதிகம் என்று தேடிப் பார்த்துத்தான் ஜெஃபர்சன் அவென்யூவில் இருக்கும் டாப்ஸ் சூப்பர்மார்க்கெட்டைத் தேர்ந்தெடுத்தான். மார்ச் மாதமே நேரில் போய் உளவு பார்த்துவிட்டு வந்தான். இறந்த 10 பேரும் கறுப்பினத்தவர், அதில் மூத்தவருக்கு 86 வயது. காலில் குண்டடி பட்டுக் கிடந்த ஒரு வெள்ளையினப் பணியாளரை நோக்கித் துப்பாக்கியை நீட்டியவன், "மன்னிக்கவும்" என்று சொல்லிவிட்டு அவரைச் சுடாமல் நகர்ந்துபோனதாக மத்திய அரசின் குற்றப் பத்திரத்தில் இருக்கிறது. உங்கள் அக்கா மகனுக்கு இந்த ஒரு தகவலே போதும் என்று நினைக்கிறேன்.

அந்தக் கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிழக்கு பஃபலோ மக்கள் பல வருடம் கேட்டுக் கேட்டு 2003இல்தான் அங்கே அது வந்தது. அந்தப் பகுதிக்குப் பெரிய மளிகைக் கடை என்று இருந்தது அது ஒன்றுதான். அதனால்தான் அங்கே யார் வருவார்கள் என்று அவனால் அவ்வளவு துல்லியமாகக் கணிக்க முடிந்தது. ஊர்கள் இனவாரியாகப் பிரிந்து கிடப்பதும் இந்தக் கதையில் ஒரு பகுதி, விவாதங்களில் இதை யாரும் தொடுவதே இல்லை.

மனநோய்க்கு வருகிறேன். 2019 ஆகஸ்ட் 3 அன்று எல் பாசோ வால்மார்ட்டில் சுட்டவனுக்குத் தீவிர மனநோய் இருந்ததாக அவனுடைய வழக்கறிஞர்களே சொன்னார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் டல்லஸ் பக்கத்திலிருந்து பத்து மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டி மெக்சிகோ எல்லையில் இருக்கும் ஊருக்குப் போய் 23 பேரைக் கொன்றதற்கு முன்னால், டெக்சஸ் மீது ஸ்பானிய மொழிக்காரர்கள் "படையெடுக்கிறார்கள்" என்று எழுதிவைத்துவிட்டுப் போனான். அந்த வாசகம் நோயிலிருந்து வந்ததில்லை. ஏற்கெனவே ஊரெங்கும் புழங்கிக்கொண்டிருந்த பேச்சு அது. நோய் ஒருவனை நிலைகுலையச் செய்யலாம், ஆனால் யாரைப் பகையாகப் பார்க்க வேண்டும் என்பதை அவன் வெளியிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறான். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை, தாக்கப்படுகிறவர்களாகத்தான் அதிகம் இருக்கிறார்கள். ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் பழியை அவர்கள் தலையில் போடுவது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

இன்னொன்று, இவர்கள் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துவிட்டு வருகிறார்கள். 2011இல் நார்வேயில் 77 பேரைக் கொன்றவனை 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் தன் அறிக்கையில் குறிப்பிட்டான். எல் பாசோக்காரன் கிறைஸ்ட்சர்ச்சுக்கு ஆதரவு சொல்லித்தான் தன் அறிக்கையையே ஆரம்பித்தான். பஃபலோக்காரன் கிறைஸ்ட்சர்ச் அறிக்கையின் பகுதிகளை அப்படியே தூக்கித் தன்னுடையதில் போட்டுக்கொண்டான். எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே கதை: வெள்ளையரை அகற்றிவிட்டு அவர்கள் இடத்தில் மற்றவர்களைக் கொண்டுவர யாரோ திட்டமிட்டுச் சதி செய்கிறார்கள் என்ற கதை. 2017இல் சார்லட்ஸ்வில்லில் தீப்பந்தத்தோடு ஊர்வலம் போனவர்கள் போட்ட கோஷமும் அதுதான். மூன்று நாடுகளில் நான்கு பைத்தியங்களுக்குத் தற்செயலாக ஒரே எண்ணம் வந்துவிட்டது என்று சொல்வதைவிட, ஒரு கொள்கைக்கு ஆட்கள் சேர்கிறார்கள் என்று சொல்வதுதான் பொருந்துகிறது.

ரவி_டல்லஸ்:

மங்கை மேடம் சொன்ன தகவல்களை மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் கட்சி கட்ட வேண்டாம் என்றார், அதனால் மறுபக்கத்தையும் வைக்கிறேன்.

நான் இருப்பது டல்லஸ். 2016 ஜூலை 7 அன்று இங்கே ஒரு ஊர்வலத்தின் முடிவில் ஐந்து போலீஸ்காரர்களைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். அவன் கறுப்பினத்தவன், முன்னாள் ராணுவ வீரன், வெள்ளையர்களை, முக்கியமாக வெள்ளைக்கார போலீஸ்காரர்களைக் கொல்ல வேண்டும் என்று பேச்சுவார்த்தையில் சொன்னவன். அதுவும் இனம் பார்த்துச் சுட்டதுதானே? இந்த விவாதத்தில் அது ஏன் வருவதே இல்லை? எங்கள் பக்கத்து ஊர் ஆலன். அங்கே 2023 மே மாதம் ஒரு கடை வளாகத்தில் 8 பேரைக் கொன்றவன் ஸ்பானிய வம்சாவளி, ஆனால் உடம்பில் நாஜிச் சின்னங்களைப் பச்சை குத்தியிருந்தான். இறந்தவர்களில் இந்தியாவிலிருந்து வந்த இளம் பொறியாளரும் ஒருவர். குறிப்பிட்ட இனத்தைத் தேடிப் போனதாகத் தெரியவில்லை, இடத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான் என்று அதிகாரிகள் சொன்னார்கள். இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

அப்புறம் அரசியல்வாதிகளின் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் கோடிக்கணக்கான பேர், சுட்டவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். என் வீட்டிலும் துப்பாக்கி இருக்கிறது, என் தெருவில் பாதி வீட்டில் இருக்கிறது. துப்பாக்கிச் சட்டம் கடுமையாக இருந்த நார்வேயில்தான் ஒரே ஆள் உட்டோயா தீவில் 69 பேரைக் கொன்றான், அதுவும் முறையாக வாங்கிய உரிமத்தோடு. குற்றத்தைச் செய்தவனை விட்டுவிட்டு ஊரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், உங்கள் பேச்சைக் கேட்க வேண்டிய ஆட்களே காதைப் பொத்திக்கொள்வார்கள். அதுதான் என் கவலை.

குயிலி:

ரவி அண்ணா, 2016 டல்லஸ் சம்பவத்தையும் சேர்த்துத்தான் பேச வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஐந்து குடும்பங்களுக்கு நடந்த கொடுமை அது. ஆனால் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் தலைமையே 2019லிருந்து நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பச் சொன்னது, இனவெறியால் தூண்டப்பட்ட உள்நாட்டு வன்முறையில் பெரும்பகுதி வெள்ளையின மேலாதிக்கக் கும்பல்களிடமிருந்து வருகிறது என்று. அதைச் சொல்வது ஊரைக் கூண்டில் ஏற்றுவது ஆகாது.

கோடிப் பேர் கேட்கிறார்கள், ஒருவன்தான் சுடுகிறான் என்கிறீர்கள். சரி, அந்த ஒருவன் கையில் என்ன இருக்கிறது என்பதைத்தான் நாங்கள் கேட்கிறோம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 2021 செப்டம்பரில் ஒருவன் சூப்பர்மார்க்கெட்டுக்குள் புகுந்து ஆட்களைத் தாக்கினான். அவன் கொள்கை வேறு, ஐஎஸ் பயங்கரவாத அமைப்பின் ஆதரவாளன், ஆனால் கொலைவெறியில் கிறைஸ்ட்சர்ச்காரனுக்குக் குறைந்தவன் இல்லை. அவன் கையில் இருந்தது கத்தி. பலர் காயப்பட்டார்கள், ஒருவர்கூடச் சாகவில்லை. அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே நாட்டில் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியோடு வந்தவன் 51 பேரைக் கொன்றிருந்தான். அந்தப் படுகொலைக்கு அடுத்த மாதமே அந்த வகைத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு நாடாளுமன்றம் 119க்கு 1 என்ற வாக்கில் தடை போட்டது. கத்திக்காரனுக்குத் துப்பாக்கி கிடைக்காததற்கு அந்தச் சட்டம் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, அவனை போலீஸ் ஏற்கெனவே பின்தொடர்ந்துகொண்டிருந்தது. ஆனால் கையில் இருந்த ஆயுதம் உயிர்க்கணக்கை எப்படி மாற்றியது என்று பாருங்கள்.

நல்லவன் கையில் துப்பாக்கி இருந்தால் தடுத்துவிடலாம் என்று டெக்சஸில் அடிக்கடி சொல்வார்கள். பஃபலோ கடையில் காவலுக்கு நின்றவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். அவர் சுட்டார், குண்டும் பட்டது. அவன் போட்டிருந்த கவச உடையைத் துளைக்கவில்லை. அவரும் இறந்துபோனார்.

சட்டம் இருந்தும் ஓட்டை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு சார்ல்ஸ்டன் உதாரணம். 2015 ஜூன் 17 அன்று எம்மானுவேல் தேவாலயத்தில் பைபிள் வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்திருந்துவிட்டு 9 பேரைக் கொன்றவனுக்குத் துப்பாக்கியே கிடைத்திருக்கக் கூடாது. போதைப்பொருள் வழக்கில் அவன் ஒப்புக்கொண்டிருந்த விவரம், துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதனை செய்த எஃப்பிஐ அலுவலர் கைக்கு வந்து சேரவில்லை. மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம் என்பது சட்டம். விற்றுவிட்டார். எஃப்பிஐ தலைவரே அதைத் தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார், 2021இல் அரசு அந்தக் குடும்பங்களுக்கும் உயிர் தப்பியவர்களுக்கும் 88 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த மூன்று நாள் விதி பெரியவர்களுக்கு அப்படியேதான் இருக்கிறது. 2022 சட்டம் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மட்டும் பத்து வேலை நாள் வரை நீட்டித்தது. பணம் கொடுக்கத் தயாராக இருக்கிற அரசு, விதியை மாற்றத் தயாராக இல்லை. இதை எத்தனை முறை நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

பனிமலர்:

சின்ன விஷயம்தான், ஆனால் விட்டுப்போகக் கூடாது. எல்லாரும் கறுப்பு, வெள்ளை, ஸ்பானியர் என்றே பேசுகிறீர்கள். 2012 ஆகஸ்ட் 5 அன்று விஸ்கான்சினில் ஓக் கிரீக் குருத்வாராவில் ஞாயிற்றுக்கிழமை காலை சமையல் நடந்துகொண்டிருந்தபோது சுட்டதில் 6 பேர் இறந்தார்கள், படுத்த படுக்கையாகக் கிடந்த ஏழாமவர் 2020இல் இறந்தார். சுட்டவன் முன்னாள் ராணுவத்தான், வெள்ளை இனவெறிப் பாட்டுக் குழுக்களில் வாசித்தவன். அந்த நேரத்தில் எஃப்பிஐயின் வெறுப்புக் குற்றப் பதிவில் சீக்கியர்களுக்கு எதிரான குற்றம் என்று ஒரு பிரிவே கிடையாது, 2015இல்தான் சேர்த்தார்கள். பதிவிலேயே இல்லாத குற்றத்தின் காரணத்தை யார் ஆராய்வார்கள்?

அருவி:

நான் ஒஹையோவில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஆலோசகராக இருக்கிறேன். மிரட்டல்களை மதிப்பிடும் குழுவிலும் இருக்கிறேன், அதனால் காரணம் எது என்ற கேள்வி எங்களுக்கு வேறு மாதிரி வரும்: ஒரு பையன் இந்தப் பக்கம் சாய்கிறான் என்று எப்போது தெரிகிறது, தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள்.

ரவி சார் கேட்டது நியாயமான கேள்வி, கோடிப் பேரில் இவன் மட்டும் ஏன்? இப்படிச் சுட்டவர்களின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால் பெரும்பாலும் சம்பவத்துக்கு முன்னால் ஒரு சரிவு தெரியும். பள்ளியிலோ வேலையிலோ தோல்வி, நண்பர்கள் இல்லாமை, தற்கொலை எண்ணம், பிறகு இரவெல்லாம் இணையம். பஃபலோக்காரன் தானே எழுதிவைத்திருக்கிறான், 2020இல் கொரோனா ஊரடங்கில் பொழுது போகாமல்தான் ஃபோர்சான் என்ற இணையத் தளத்துக்குள் போனேன் என்று. அங்கே போனவனுக்குத் தன் துயரத்துக்கு யார் காரணம் என்று ஒரு விடை கிடைக்கிறது, உன் சாவுக்கும் அர்த்தம் உண்டு என்று ஒரு கூட்டம் சொல்கிறது. தனியாகக் கிடக்கும் பதினேழு வயதுப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய இழுப்பு என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவன் மேல் பரிதாபப்படச் சொல்லவில்லை. அந்த இழுப்பைப் புரிந்துகொள்ளாமல் அடுத்தவனை நிறுத்த முடியாது என்கிறேன்.

இவர்கள் அனேகமாக யாரிடமாவது சொல்லிவிடுகிறார்கள். பஃபலோக்காரன் 2021 ஜூனில், பள்ளிப் படிப்பு முடிகிற நேரத்தில், எதிர்காலத் திட்டம் பற்றிய கேள்விக்குக் கொலையும் தற்கொலையும் என்று பதில் எழுதினான். பள்ளி சும்மா இருக்கவில்லை, போலீஸைக் கூப்பிட்டது. போலீஸ் அவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. அவன் விளையாட்டுக்கு எழுதினேன் என்றான், ஓரிரு நாளிலேயே வீட்டுக்கு வந்துவிட்டான். நியூயார்க்கில் அப்போதே ரெட் ஃப்ளாக் சட்டம் இருந்தது. ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதினால் அவர் துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் தற்காலிகமாகத் தடுக்கலாம். யாரும் மனுப் போடவில்லை. சில மாதம் கழித்து அவன் கடைக்குப் போய்ச் சட்டப்படி துப்பாக்கி வாங்கினான். அந்த 10 பேர் இறந்த பிறகுதான், இப்படிப்பட்ட நிலையில் மாநில போலீஸ் கட்டாயம் மனுப் போட வேண்டும் என்று ஆளுநர் உத்தரவு போட்டார்.

2023 ஆகஸ்டில் ஜாக்சன்வில் கடையில் மூன்று கறுப்பினத்தவரைக் கொன்றவனும் 2017இல், சிறுவனாக இருந்தபோது, மனநலப் பரிசோதனைக்காகப் பிடித்து வைக்கப்பட்டவன்தான். அது துப்பாக்கி வாங்குவதற்குத் தடையாகவில்லை. எல் பாசோக்காரனின் அம்மா, சம்பவத்துக்குச் சில வாரம் முன்னால், மகன் இந்த மாதிரித் துப்பாக்கி வைத்திருப்பது கவலையாக இருக்கிறது என்று போலீஸுக்கு போன் செய்து கேட்டதாகக் குடும்பத்தின் வழக்கறிஞர்கள் சொன்னார்கள். அவனுக்கு 21 வயது, சட்டப்படி வைத்துக்கொள்ளலாம் என்று பதில் கிடைத்ததாம். ரவி சார், அந்த போன் போனது உங்கள் பக்கத்து ஊரான அதே ஆலனுக்குத்தான்.

செந்தாழை, எதற்கு எவ்வளவு பங்கு என்று கேட்டீர்கள். பங்கு பிரிக்க முடியாது, ஏனென்றால் அவை ஒரே கேள்விக்கான பதில்கள் இல்லை. யாரைச் சுடுவது என்பதை அந்தக் கொள்கை முடிவு செய்கிறது, எத்தனை பேர் சாகிறார்கள் என்பது பெரும்பாலும் ஆயுதத்தைப் பொறுத்தது, இவன் ஏன், இப்போது ஏன் என்பதற்கு அவன் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சியில் ஆளுக்கு ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு மற்றவர் பதில் தப்பு என்கிறார்கள்.

செந்தாழை:

எல்லாருக்கும் நன்றி. அந்த "மன்னிக்கவும்" விஷயத்தை அக்கா மகனிடம் சொன்னேன், ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு அந்தக் குற்றப் பத்திரத்தைத் தேடிப் படிக்கிறேன் என்றான்.

இன்னொரு சந்தேகம். நீங்கள் யாருமே கொலையாளிகளின் பெயரை எழுதவில்லை. வேண்டுமென்றேதானா? அதனால் பயன் உண்டா? அட்லாண்டாவில் 2021இல் மசாஜ் நிலையங்களில் 8 பேர் இறந்தார்களே, அதில் ஆறு பேர் ஆசியப் பெண்கள், அதை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?

மங்கை:

நான் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நியூசிலாந்துப் பிரதமராக இருந்த ஜெசிந்தா ஆர்டர்ன் கிறைஸ்ட்சர்ச் கொலைகாரனின் பெயரைத் தன் வாயால் சொல்லவே மாட்டேன் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். அந்த நாட்டில் அவனுடைய அறிக்கையையும் வீடியோவையும் வைத்திருப்பதே குற்றம். அடுத்து வருபவன் தேடுவதே அந்தப் புகழைத்தான், அதனால் பெயரைக் கொடுக்காமல் இருப்பது நம்மால் செய்ய முடிந்த காரியம். ஆனால் அது மட்டும் போதாது. பஃபலோக்காரன் சுட்டதை நேரலையாகக் காட்டியதை ட்விட்ச் என்ற நேரலைத் தளம் இரண்டு நிமிடத்துக்குள் நிறுத்திவிட்டது, அதற்குள் யாரோ பதிவு செய்து வேறு தளங்களில் போட்டுவிட்டார்கள், அங்கே லட்சக்கணக்கில் பார்த்தார்கள்.

அட்லாண்டா பற்றி அங்கே அரசு வழக்கறிஞர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. சுட்டவன் இனம் காரணமில்லை, பாலியல் ஆசையிலிருந்து விடுபடத்தான் செய்தேன் என்றான். செரோக்கி மாவட்ட வழக்கறிஞர் இனவெறிக்கு ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார், ஃபுல்டன் மாவட்ட வழக்கறிஞர் வெறுப்புக் குற்றமாகவே எடுத்தார். என் கருத்தைக் கேட்டால் சேர்க்கத்தான் வேண்டும். ஆசியப் பெண்களை ஆசையின் உருவமாக மட்டுமே பார்க்கிற பார்வையில் இனம் இல்லாமல் எங்கே போகும்? கொன்றவன் சொல்லும் காரணத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை.

ரவி_டல்லஸ்:

அட்லாண்டாவில் நான் மங்கை மேடத்தோடு உடன்படவில்லை, நீதிமன்றத்தில் நிரூபிக்க முடிகிறதைத்தான் சொல்ல வேண்டும். அதை இன்னொரு நாள் பேசுவோம்.

அருவி மேடம், அந்த அம்மா போன் செய்த விஷயத்தை நான் இதுவரை கேள்விப்படவில்லை. எனக்கும் பதினாறு வயதில் மகன் இருக்கிறான். அவன் நண்பர்கள் குழுவில் ஒருவன் இப்படி ஏதாவது எழுதி, அவன் அம்மா என்னிடம் வந்து கேட்டால், டெக்சஸில் நான் என்ன செய்யச் சொல்வது? இங்கே ரெட் ஃப்ளாக் சட்டமே கிடையாது.

அருவி:

சட்டம் இல்லாததால் உங்கள் பக்கம் வேலை கடினம்தான், ஆனால் வழியே இல்லை என்று இல்லை. அவன் எழுதியதை அழிப்பதற்கு முன்னால் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். "கவலையாக இருக்கிறது" என்று மட்டும் போலீஸிடம் சொன்னால் பெரும்பாலும் அந்த அம்மாவுக்குக் கிடைத்த பதில்தான் கிடைக்கும். என்ன எழுதினான், எந்த இனத்தை, எந்த இடத்தைச் சொன்னான், கையில் ஆயுதம் இருக்கிறதா, தேதி ஏதாவது குறிப்பிட்டானா என்று விவரமாகச் சொல்ல வேண்டும். போலீஸுக்கும் பள்ளிக்கும் இரண்டு பக்கமும் சொல்லுங்கள், டெக்சஸ் பள்ளிகளில் மிரட்டலை மதிப்பிடும் குழு இருக்க வேண்டும் என்று 2019லேயே சட்டம் வந்துவிட்டது. எஃப்பிஐக்கும் தகவல் கொடுக்கலாம். பையன் தற்கொலை பற்றியும் பேசுகிறான் என்றால் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு போன் செய்யலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டில் துப்பாக்கி இருந்தால் அன்றைக்கே அது அவன் கைக்கு எட்டாத இடத்துக்கு, முடிந்தால் வேறு வீட்டுக்கே போய்விட வேண்டும். அதற்கு எந்தச் சட்டத்தின் அனுமதியும் வேண்டாம். உங்கள் வீட்டுத் துப்பாக்கிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன் சார்.